பக்கத்து சீட்டில் ஒரு பிரேக்

எங்கள் கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் மூன்றாவது தட்டில் இருக்கும் பாட்டில்களைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் எதுவும் கிடையாது. பெட்ரோலில் ஊற்றினால் போதும், பழைய இன்ஜினை உள்ளே புகுந்து கழுவித் துடைத்துப் புதுசாக்கிவிடும் என்று சொல்லிக்கொள்ளும் பாட்டில்கள் அவை. சிவப்பு, நீலம், பொன்னிறம் என்று சர்பத் கடை போல வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் மேலும் கழுகு, சிறுத்தை, நெருப்பு என்று ஏதாவது ஒன்று பாய்ந்துகொண்டிருக்கும். வாங்க வருகிறவர்கள்தான் பாய்கிற ரகம் இல்லை. ஆயில் மாற்றச் சொன்னால் அடுத்த மாசம் பார்க்கலாம் என்பவர்கள். காற்று ஃபில்டரைக் கழற்றித் தட்டிவிட்டு அதையே மாட்டிக்கொண்டு போகிறவர்கள். வருஷக்கணக்கில் செய்த பாவத்தை ஒரே பாட்டிலில் கரைக்க வருவார்கள்.

"இது வேலை செய்யுமாங்க?" என்று கேட்பார்கள்.

"வாங்கினவங்க எல்லாம் திரும்ப வந்து வாங்கறாங்க" என்பேன்.

பொய் இல்லை. வேலை செய்திருந்தால் எதற்குத் திரும்ப வரப்போகிறார்கள்.

இவ்வளவு வாய் கிழியப் பேசுகிற எனக்குக் கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது. எந்த வண்டிக்கு எந்த வாஷர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்த்தினால் கை வேறு ஊருக்கும் கால் வேறு ஊருக்கும் போய்விடும். இத்தனைக்கும் என் தங்கை டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். அவளுடைய முதல் மாணவன் நான். முதல் தோல்வியும் நான்தான். மூன்றாவது வகுப்பில் மைதானத்து வேலியோடு பேசிவிட்டு இறங்கியபோது, "நீ பஸ்லயே போண்ணா, பஸ்காரங்களும் பொழைக்கணும்ல" என்று சொல்லி, தோளில் தட்டி அனுப்பிவிட்டாள்.

ஸ்கூல் என்றதும் கட்டடம், மணி, மேஜை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கார். அவ்வளவுதான் ஸ்கூல். நமுத்துப்போன பிஸ்கட் நிறத்தில், மூன்று டிரைவிங் ஸ்கூல் கைமாறி வந்த பெட்ரோல் கார். கூரை மேல் இரும்புப் பலகை ஒன்று திருகி வைத்திருக்கும்: 'பழகுநர் வண்டி. பொறுத்தருள்க.' வாசகம் மாப்பிள்ளையுடையது. பக்கத்து சீட்டின் கீழே, கற்றுக்கொடுப்பவருக்கென்று தனியாக ஒரு பிரேக். மாணவர் சுவரை நோக்கிப் போனால் தங்கை அதை மிதிப்பாள். மாணவர்கள் பெரும்பாலும் சுவரை நோக்கித்தான் போவார்கள்.

இந்தக் கார் வருவதற்கு முன்னால் அவள் பெரிய ஸ்கூல்காரரிடம் வேலை பார்த்தாள். அவரிடம் கார்கள் வரிசையாக நிற்கும். கண்ணாடி அறை உண்டு. அதற்குள் அவர் உண்டு. ஒரு நாள் சேர வந்த யாரோ, கற்றுக்கொடுப்பது பெண்ணா என்று தயங்க, அவர் அவளை வைத்துக்கொண்டே, "பிரேக் மிதிக்கத்தானே சார், யார் காலா இருந்தா என்ன" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். தங்கை சாவியை அவர் மேஜையில் வைத்தாள். "அப்ப உங்க காலையே வெச்சுக்குங்க" என்றாள். வந்துவிட்டாள். அன்றிலிருந்து அவர், "எங்க போயிடப்போகுது, அந்த டப்பா நின்னதும் இங்கதான் வந்து நிக்கும்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த டப்பாவும் அவர் சொல்லைக் காப்பாற்றத் தயாராகிவிட்டது.

ஸ்கூல் அனுமதியைப் புதுப்பிக்க வண்டி புகைச் சோதனையில் தேற வேண்டும். இரண்டு முறை தோற்றுவிட்டது. பின்னால் குழாயில் கருவியைச் செருகினால், முள் ஏறுகிற வேகத்தைப் பார்த்துச் சோதனைக்காரரே ஒரு அடி தள்ளி நின்றாராம். திங்கட்கிழமை காலை கடைசி வாய்ப்பு. அதிலும் தோற்றால் அனுமதி போய்விடும். அனுமதி போனால் கண்ணாடி அறைக்குள் போய் நிற்க வேண்டும்.

மெக்கானிக் பார்த்தார். வியாதிக்குப் பெயர் இரண்டாவது கியர் என்றார். பிறந்ததிலிருந்து மைதானத்தைச் சுற்றுகிற வண்டி. முதல் கியர், இரண்டாவது கியர், நின்றுபோவது, மறுபடி முதல் கியர். இன்ஜின் என்றைக்காவது நன்றாகச் சூடேறி ஓடியிருந்தால்தானே உள்ளே சேருகிற கரி எரிந்து போகும். வால்வு முழுக்கக் கரி அடையாகப் படிந்திருக்கிறது, திறந்து சுரண்ட வேண்டும், முன்னால் வரிசையில் நிற்கும் வண்டிகளை முடித்துவிட்டு எடுக்கிறேன் என்றார். அவர் முன்னால் நின்ற வரிசையைப் பார்த்தால் அடுத்த மழைக்காலம் வரும் போலிருந்தது.

இந்த இடத்தில்தான் மாப்பிள்ளை உள்ளே நுழைகிறார்.

என் தங்கையின் கணவர் ஜன்னல் திரைத் துணிக் கடையில் அளவெடுக்கிறவர். பகலெல்லாம் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அடுத்தவர் வீட்டு ஜன்னல்களை அளப்பார். வீட்டுக்கு வந்ததும் போனில் வீடியோ பார்ப்பார். பார்த்ததும் எழுந்து போய் எதையாவது எதிலாவது ஊற்றுவார். வாஷிங் மெஷினில் ஒரு பொடி, கழுவும் தொட்டியில் ஒரு ஜெல், கதவுக் கீலில் ஒரு எண்ணெய், காதில் இன்னொரு எண்ணெய். எதில் ஓட்டை இருக்கிறதோ அதில் ஏதாவது ஊற்ற வேண்டும் அவருக்கு. ஒரு தடவை சுவர்க் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று அதற்கும் இரண்டு சொட்டு விட்டார். அது இப்போது ஓடுவதே இல்லை. அதனால் தாமதமும் இல்லை.

நான் அவரை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன். தங்கை வீட்டுக்காரர், மரியாதை கொடுத்துத்தான் ஆக வேண்டும். மனசுக்குள் அவரைக் கூப்பிடுகிற பெயரை அச்சில் ஏற்ற முடியாது.

சனிக்கிழமை சாயங்காலம் கடைக்கு வந்தார். டேப் கழுத்தில் அப்படியே தொங்கியது. நேராக மூன்றாவது தட்டுக்குப் போய், சாமான் பொறுக்குகிறவர் போல் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்து, சிறுத்தை போட்ட பாட்டில்கள் இரண்டை எடுத்து வந்து கவுன்டரில் வைத்தார்.

"மச்சான், இத ஊத்தினா இன்ஜின் பூ மாதிரி ஆயிடுமாம்."

"பூ மாதிரி ஆகி என்ன பண்ணப் போறீங்க மாப்ள, தொடுக்கவா?"

அவர் சிரித்தார். அவரிடம் இதுதான் பெரிய கஷ்டம். குத்தினால் உள்ளே போகாது. பஞ்சு மூட்டையைக் குத்துகிற மாதிரி நம் கைதான் வலிக்கும்.

சிறுத்தைக்குள் இருப்பது வெறும் மண்ணெண்ணெய் என்று சொல்லி, அதைத் திரும்பத் தட்டில் வைத்தேன். படம் எதுவும் இல்லாத, அசிங்கமான சாம்பல் பாட்டில் ஒன்றை எடுத்தேன். இருக்கிற கூட்டத்தில் கொஞ்சம் யோக்கியமானது அதுதான். யோக்கியமானது என்பதால் விற்பதும் இல்லை. மூடியில் தூசி அடை தட்டியிருந்தது. உடனே அவர் அதிலும் இரண்டு எடுத்தார். ஒரு டேங்குக்கு ஒன்றுதான், அதற்கு மேல் ஊற்றினால் கழுவுவதற்குப் பதில் கெடுத்துவிடும் என்று விளக்கி, இரண்டாவதைப் பிடுங்கி மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். சாவியை அவர் கண் தொடர்ந்தது.

பாட்டிலின் முதுகில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். வாங்குகிற யாரும் படித்ததில்லை. ஊற்றிவிட்டு டேங்கை நிரப்ப வேண்டும். பிறகு நெடுஞ்சாலையில், வேகமாக, நிற்காமல், டேங்க் அடி தட்டுகிற வரை ஓட்ட வேண்டும். அதாவது பாட்டில் பாதி வேலைதான் செய்யும். மீதியைச் சூடும் ஓட்டமும் செய்ய வேண்டும். மைதானத்தைச் சுற்றிக்கொண்டே எத்தனை ஊற்றினாலும் கரிக்கு அது குளியல் மாதிரி. இதையெல்லாம் நான் படித்துக் காட்டியபோது மாப்பிள்ளை கைகட்டிக் கேட்டார். "அப்ப நாளைக்கு ஞாயித்துக்கிழமை. டூர் போயிடலாம்" என்றார்.

எனக்கு அங்கே என்ன வேலை, இருந்தாலும் நானும் கூடப் போனேன். அவரைத் தனியாக விட்டால் வழியில் எதையாவது ஊற்றுவார் என்பது ஒரு காரணம். தங்கை முகம் சரியில்லை என்பது இன்னொன்று. என் வீட்டுக்காரி, "கார் ஓட்டத் தெரியாத ஆள் எதுக்குக் காருக்குள்ள" என்று கேட்டாள். நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பெட்ரோல் பங்க்கில் மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு, டேங்க் மூடியைத் திறந்து, பாட்டிலைக் கவிழ்த்தார். கடைசிச் சொட்டு விழும் வரை அசையவில்லை. பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அப்புறம் மாப்பிள்ளை பாட்டிலின் அடியைத் தட்டினார். அப்புறம் உள்ளே ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகுதான் நகர்ந்தார். காலிப் பாட்டிலை எறிய மனமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஆமாம், அவர்தான் ஓட்டினார். தங்கை வழக்கம்போலப் பக்கத்து சீட்டில் ஏறினாள். அவள் வேறு சீட்டில் உட்காரலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்தான். நான் பின்னால், மூலையில்.

ஊர் எல்லை தாண்டி அகலச் சாலை வந்தது. மாப்பிள்ளை மூன்று போட்டார், நான்கு போட்டார். வண்டி கனைத்துக்கொண்டு வேகம் பிடித்தது. முள் அறுபதைத் தொட்டது. அவ்வளவுதான், யாரோ பிடறியில் அறைந்தது போல் மூன்று பேரும் முன்னால் போய் வந்தோம்.

"யாரு மிதிச்சா?" என்றார் மாப்பிள்ளை.

"லாரி வந்துச்சுல்ல" என்றாள் தங்கை.

"அது அந்தப் பக்கம் போற லாரி."

"அந்தப் பக்கம்தான். ஆனா லாரிதானே."

மறுபடி நான்கு, மறுபடி அறுபது, மறுபடி அறை. இந்தத் தடவை ஒரு பாலம். அடுத்த தடவை ஒரு நாய். அது ஒரு வயலுக்கு அப்பால் படுத்திருந்தது. வேண்டுமென்று மிதிக்கவில்லை, கால்தான் தானாகப் போகிறது என்றாள். எத்தனையோ பேரைச் சுவரிலிருந்து காப்பாற்றிய கால். வேகம் என்றால் அதற்குப் பொறுக்காது. பஸ்ஸில் போனாலும் கீழே தகரத்தை மிதிப்பாள். சினிமாவில் துரத்தல் காட்சி வந்தால் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். மாப்பிள்ளை ஒரு தடவை கால்சட்டையை உயர்த்திக் கெண்டைக்காலைக் காட்டியிருக்கிறார். நீலம் நீலமாக இருந்தது. தூக்கத்திலும் பிரேக் போடுகிறாளாம். கல்யாணம் ஆன புதிதில் தெரியாமல் நீட்டிப் படுத்தவர், அப்புறம் காலை மடக்கித் தூங்கப் பழகிவிட்டதாகச் சொன்னார். வீரமாக வேறு சொன்னார். அன்றைக்கு அதைக் கேட்டு நான் எவ்வளவு அலட்சியமாகச் சிரித்தேன் என்பது எனக்கே நினைவிருக்கிறது.

வண்டிகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. டிராக்டர் ஒன்றுகூடத் தாண்டிப் போனது. அதன் டிரைவர் கூரைப் பலகையைப் படித்துவிட்டு, பொறுத்தருளி, கையை ஆட்டினார். எங்கள் பின்னால் கறுப்புப் புகை, வாலாட்டும் பிராணி போல விடாமல் வந்தது.

மதியத்துக்கு மேல் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். டேங்கில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. இன்ஜின் எதையும் எரிக்கவில்லை. என் வயிறுதான் எரிந்தது. பார்த்துப் பார்த்து யோக்கியமான பாட்டிலாகக் கொடுத்தவன் நான். அது இரண்டு மடையர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு வீணாகிறதே என்று மாப்பிள்ளையை முறைத்தேன். முறைக்க வேண்டிய ஆள் அவரில்லை என்று தெரிந்தும் முறைத்தேன். பழக்கம்.

தங்கை டீயைக் கையில் வைத்துக்கொண்டே வண்டியின் பின்னால் போனாள். புகைக் குழாயின் உள்பக்கத்தை விரலால் தடவினாள். மை போல வந்தது. அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கு தேறாதுண்ணா" என்றாள். "தெரிஞ்சு போச்சு. நாளன்னிக்கு அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள போய் நிக்கணும். நாற்காலி இருக்கும். உக்காருன்னு சொல்ல மாட்டார்."

என் தங்கை அழுகிற ரகம் இல்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது கிண்டல் செய்து சமாளித்திருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னதால் எனக்குக் கிண்டல் வரவில்லை. வந்தது இதுதான்:

"நீ ஓட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். ஏதோ நான் அவளிடம் ஆகாய விமானத்தைக் கொடுத்த மாதிரி.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள், சாலையில் ஸ்டியரிங் பிடித்து வருஷக்கணக்காகிவிட்டது. காலையில் வண்டியை வாசலுக்கு எடுத்து நிறுத்துவது மாப்பிள்ளை. மாணவர்களே வந்து ஓட்டிக்கொண்டு போவார்கள்; ஓட்டிக்கொண்டு வருவார்கள். அவள் எப்போதும் பக்கத்து சீட்.

"எனக்குப் பயமில்ல" என்றாள். "ஆனா பக்கத்துல யாராவது உக்காருவாங்கல்ல. கால அந்த பெடல் மேல வெச்சுக்கிட்டு. இப்ப மிதிப்பாங்களோ, இப்ப மிதிப்பாங்களோன்னு... அப்படி எப்படிண்ணா ஓட்டறது?" சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று தானே கேட்டுக்கொண்டது போல நிறுத்தினாள். மாப்பிள்ளையைப் பார்த்தாள். காலையிலிருந்து அவர் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்த சீட்டைக் காலியாக விட்டுவிட்டு இருவரும் பின்னால் உட்கார்ந்தால் தீர்ந்தது என்று நான் சொல்லியிருக்கலாம். மூளையுள்ளவன் எவனும் சொல்லியிருப்பான். எனக்குத் தோன்றவில்லை. மாப்பிள்ளைக்கும் தோன்றவில்லை. அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பக்கத்து சீட்டின் கதவைத் திறந்தார். செருப்பை வெளியே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறி, சீட்டின் மேல் காலைத் தூக்கி மடக்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பெல்ட்டை மாட்டினார். காலிப் பாட்டிலை மடியில் நிறுத்தினார்.

"இப்ப நான் எங்கேருந்து மிதிக்கறது?" என்றார்.

தங்கை சிரித்தாள். டீக்கடைக்காரரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இந்த ஆள் ஏதோ செய்துவிட்டார், அது என்னவென்று சட்டென்று பிடிபடவில்லை என்கிற எரிச்சல்.

அவள் சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், மாணவர்களுக்குச் சொல்வதையெல்லாம் வாய்க்குள் தனக்கே சொல்லிக்கொண்டாள். ஒன்று. இரண்டு. கியர் குமிழில் ஒன்று, இரண்டு என்ற எண்கள் தேய்ந்து எப்போதோ மறைந்துபோயிருந்தன. மூன்று மங்கலாகத் தெரியும். நான்கு கொஞ்சம் பளிச்சென்று. ஐந்து மட்டும் கம்பெனியிலிருந்து அன்றைக்குத்தான் வந்தது போல வெள்ளை வெளேரென்று இருந்தது. மூன்றில் கொஞ்ச தூரம். நான்கில் கொஞ்ச தூரம். எதிரே லாரி வந்தது, அந்தப் பக்கம்தான், ஆனாலும் லாரிதானே. அவளுடைய கால் ஒரு தரம் துடித்ததைப் பார்த்தேன். பிறகு ஐந்து விழுந்தது.

இன்ஜின் முதலில் இருமியது. வயசான மனுஷனை மாடி ஏறச் சொன்ன மாதிரி ஓர் இருமல். அப்புறம் பின்னாலிருந்து ஒரு கறுப்பு மேகம் கிளம்பியது. எங்களுக்குப் பின்னால் வந்த வெள்ளைக் கார் அதற்குள் போய், கொஞ்ச நேரம் கழித்து வேறு நிறத்தில் வெளியே வந்தது. வண்டி உதறியது. உதறி உதறி, ஓரிடத்தில் உதறல் நின்றது. சத்தம் மாறியது. இருமல் போய் ஒரே சுருதியில் ஓர் இரைச்சல். கூரைப் பலகை காற்றில் விசிலடிக்கத் தொடங்கியது. 'பொறுத்தருள்க' என்று விசிலடித்துக்கொண்டே லாரியை முந்தினாள். பஸ்ஸை முந்தினாள். காலையில் கையாட்டிய டிராக்டர்காரர் திரும்பி வந்துகொண்டிருந்தார். அவருடைய கை பாதி தூக்கியபடியே நின்றுவிட்டது.

நானோ பின் சீட்டில் இரண்டு காலாலும் தரையை மிதித்துக்கொண்டிருந்தேன். அங்கே பிரேக் இருந்திருந்தால் வண்டி அன்றைக்கு இரண்டாகப் பிளந்திருக்கும். மிதியடி சுருண்டு சீட்டுக்கு அடியில் போய்விட்டது. தங்கை மேல் எனக்கு எவ்வளவு பாசம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான்.

மாப்பிள்ளையைப் பார்த்தேன். சீட்டின் ஓரமாக எட்டியதில் முதலில் அவர் கால் விரல்கள் தெரிந்தன. ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளுத்துப்போயிருந்தன. கண்ணை மூடியிருக்கவில்லை, சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பயம் இல்லாத ஆள் என்று யாராவது சொன்னால் அடிப்பேன். பாட்டிலைப் பிடித்திருந்த பிடியில் அது நசுங்கியிருந்தது. ஆனாலும் ஒரு காலைக்கூடக் கீழே இறக்கவில்லை. வளைவிலும் இறக்கவில்லை. மாடு ஒன்று சாலையில் இறங்கலாமா என்று யோசித்தபோதும் இறக்கவில்லை.

எனக்கு அவமானமாக இருந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் கோபமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்த அலட்சியத்தை இனிமேல் எங்கே கொண்டு போய் வைப்பது என்கிற கோபம்.

வெயில் சாய்கிற வரை ஓட்டினாள். டேங்க் அடி தட்டப் போகிறது என்று விளக்கு எரிந்த பிறகுதான் ஒரு பங்க்கில் ஓரங்கட்டினாள். இன்ஜினை அணைக்காமல் இறங்கி, பின்னால் போய்ப் பார்த்தாள். குழாயிலிருந்து எதுவும் வரவில்லை. வருவது கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். கையை நீட்டிப் பார்த்தாள். உள்ளங்கை சூடானது, கறுக்கவில்லை. அந்தக் கையை என் முகத்துக்கு நேரே காட்டினாள்.

மாப்பிள்ளை இறங்கவில்லை. கதவைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்துப் பணிவாகச் சொன்னார்:

"கால் மரத்துப் போச்சு மச்சான். அவிழ்க்க முடியல."

மூட்டையை இறக்குவது போல் அவரை அக்குளில் கைகொடுத்து இறக்கினேன். சம்மணம் கலையாமலே வெளியே வந்தார். பங்க் தூணில் சாய்த்து வைத்து, ஒவ்வொரு காலாக நீட்டிவிட்டேன். கெண்டைக்காலில் பழைய நீலம் இருந்தது. கொஞ்சம் தேய்த்தும் விட்டேன். யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டுதான்.

திங்கட்கிழமை காலை புகைச் சோதனை. தங்கைதான் வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள். போகிற வழியிலும் ஒரு சுற்று வேகமாகப் போய்ச் சூடேற்றிக்கொண்டாள். சோதனைக்காரர் எங்களைக் கண்டதும் பழக்கத்தில் ஒரு அடி தள்ளி நின்றார். கருவியைச் செருகினார். முள் ஏறியது; நாங்கள் மூன்று பேரும் அதோடு சேர்ந்து மூச்சை ஏற்றினோம். கோட்டுக்குக் கீழே, மயிரிழையில், நின்றது. கருவியில்தான் கோளாறு என்று அவர் அதைத் தட்டினார். வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி செருகினார். மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

"என்ன பண்ணீங்க?" என்றார்.

மாப்பிள்ளை பையிலிருந்து நசுங்கிய பாட்டிலை எடுத்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினார். சோதனைக்காரர் அதைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். நான் கடையில் நாள் முழுக்கப் பார்க்கிற பார்வை. என்னமோ, அன்றைக்கு அது எனக்குப் பிடிக்கவில்லை.

"அஞ்சாவது கியர் போட்டேன்" என்றாள் தங்கை. அவருக்கு அது புரியவில்லை. முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

வண்டி மைதானத்துக்கு வந்தபோது வங்கியில் வேலை பார்க்கும் அம்மாள் ஒருவர் வகுப்புக்குக் காத்திருந்தார். மாதக்கணக்காகக் கற்றுக்கொள்கிறவர். தங்கை ஸ்டியரிங்கை விட்டு இறங்கி, பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள். பிழைப்பு அதுதானே. நானும் மாப்பிள்ளையும் வேலி ஓரமாக நின்று பார்த்தோம். வண்டி ஒரு சுற்றுச் சுற்றியது. திறந்த ஜன்னல் வழியாகத் தங்கை சொல்வது கேட்டது:

"மெயின் ரோட்டுக்குப் போங்க. போய் மூணு போடுங்க."

"மூணா? இதுவரைக்கும் போட்டதில்லையே மேடம்."

"நானும்தான் போட விட்டதில்ல. போடுங்க."

எங்களைக் கடந்து போகும்போது கவனித்தேன். அவள் கால் பெடலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இல்லாவிட்டால் வேலிக்கு ஆபத்து. ஆனால் மேலே இல்லை. குதிகாலை சீட்டுப் பக்கம் இழுத்துத் தரையில் வைத்திருந்தாள். வண்டி மெயின் ரோட்டில் திரும்பியது. மூன்றாவது கியர் கரகரவென்று விழுகிற சத்தம் இங்கே வரை கேட்டது. வேலியைப் பிடித்துக்கொண்டு நான் தரையை மிதித்தேன்.

மாப்பிள்ளை நொண்டிக்கொண்டே இன்னும் கிட்டே வந்து நின்றார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"பாத்தீங்களா மச்சான்? பாட்டில் வேலை செஞ்சிடுச்சு."

எனக்கு நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்தது. பாட்டில் பாதிதான், மீதி சூடு, அதற்கு வேகம் வேண்டும், வேகத்துக்கு அவள் வேண்டும், அவளுக்கு... என்று விளக்கிக்கொண்டே போனால், கடைசியில் எங்கே வந்து நிற்க வேண்டியிருக்கும் என்று யோசித்தேன். அதை அவரிடம் என் வாயால் சொல்வதற்கு நான் இன்னும் ஒரு பிறவி எடுக்க வேண்டும்.

"வாங்கினவங்க எல்லாம் திரும்ப வந்து வாங்கறாங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ரகசியம் போலக் கேட்டார்.

"அப்ப அந்த ரெண்டாவது பாட்டிலையும் குடுத்துடுங்களேன். வீட்ல ஃப்ரிட்ஜு சத்தம் போடுது."

கொடுக்கவில்லை. இந்த மனுஷனை நம்பித் தங்கையைக் கொடுத்தது சரிதான். பாட்டிலைக் கொடுக்க முடியாது.